எந்த போனிலிருந்து போனது?

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். பீளமேடு முழுக்கச் சேறு. துணி எதுவும் காயவில்லை. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

நேற்று ஏற்றிய மென்பொருள் பதிப்புக்கு இன்றே புகார். 'பழைய பதிவெல்லாம் காணோம்' என்று ஒருவன். சரிதான், என் பிழை. மென்பொருளை எழுதியது வேறு யாரோ. ஒரு நெட்வொர்க்கில் எந்தக் கருவி எப்போது யாரோடு பேசியது, எவ்வளவு அனுப்பியது என்று பார்த்துக் குறித்துக்கொண்டே இருக்கும். அதை நாங்கள் சிலர் சேர்ந்து இலவசமாகத் தரும் இயங்குதளத்துக்குத் தோதாகக் கட்டி, சோதித்து, எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வைப்பது மட்டும் நான். ஆபீஸ் வேலை போக. சம்பளம் கிடையாது. திட்டு தாராளம்.

மதியத்துக்குள் சரிசெய்தேன். புகார் தந்தவன் கோகுல். பெருந்துறையில் ஒரு சாயப்பட்டறையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழிலேயே எழுதினான். 'அக்கா, ஞாயித்துக்கெழமை எங்க பட்டறை ஹாஸ்டல் வைஃபையில எந்த போன்லருந்து பெரிய வீடியோ வெளிய போச்சுன்னு பார்க்க முடியுங்களா?'

ஒரே வரிக் கட்டளை. எழுதி, கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டு அனுப்பினேன். எதற்கு என்று கேட்கவில்லை. யாரிடமும் கேட்பதில்லை.

சாயங்காலம் பதில். 'கிடைச்சிருச்சுங்கக்கா. ரொம்ப நன்றிங்க.' சந்தோஷம். மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றேன்.

நவம்பர் 5, புதன்

இடது கையால் உதட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலை மீட்டிங்கின் நடுவே தெரியாத எண். கோகுல். மெயிலுக்குக் கீழே என் எண் இருந்ததாம். 

"அக்கா, அந்தப் புள்ளையப் போட்டு அடிக்கறாங்கக்கா."

"எந்தப் புள்ள?"

"நீங்க குடுத்த கமாண்டுல வந்துதில்லீங்க, அந்த போனு. மகேஸ்வரின்னு. சூப்பர்வைசர் ஒரு புள்ளையச் செவுத்துல மோதி அடிச்சான். அதை இவ வீடியோ எடுத்து வெளிய அனுப்பிச்சுப்போட்டா. ஆருன்னு கண்டுபுடின்னாரு மேனேஜரு. திட்டி வேலைய விட்டு அனுப்புவாங்கன்னுதான் நெனச்சேனுங்க. இப்ப ஸ்டோர் ரூம்ல வெச்சுப் பைப்புல அடிக்கறாங்க. இங்க வரைக்கும் கேக்குது."

எனக்கும் கேட்டது. போன் வழியாகவே.

நூர்ஜஹானை அழைத்தேன். காலேஜ் தோழி, வக்கீல், கோட்டைமேட்டில் வீடு. "ரோட்டுக்கு வந்து நில்லு" என்றாள், அவ்வளவுதான். அவள் காரில் பெருந்துறை. அவிநாசி ரோட்டில் மழை, லாரி, மறுபடி லாரி.  அங்கே ஸ்டேஷனில் நூர் விஷயத்தைச் சொன்னதும் பெண் காவலர் ஒருவர் எங்களோடு ஏறிக்கொண்டார்.

பட்டறை கேட்டுக்கு மேனேஜரே வந்தார். வெள்ளைச் சட்டை, திருநீறு. கைமுட்டியில் தோல் உரிந்திருந்தது.

"ஏனுங்க அம்மணி, இந்த மழையில எதுக்குங்க அலையறீங்க? டீ சாப்பிடறீங்களா?"

"மகேஸ்வரியக் கூப்பிடுங்க" என்றேன்.

"அப்படி ஆரும் இங்க இல்லீங்க. மரியாதையாச் சொல்றனுங்க, போயிருங்க."

அவரைத் தாண்டி நுழையப் பார்த்தேன். "போங்கன்னா போகோணுமுங்க" என்று சொல்லிக்கொண்டே என் முடியைக் கொத்தாகப் பிடித்து இரும்புக் கேட்டில் மோதினார். குரல் ஏறவேயில்லை. மறுபடி மோதினார். வாய் நிறைய ரத்தம். பல் ஒன்று ஆடியது. காவலரின் லத்தி அவர் முழங்கையில் இறங்கிய சத்தம். நூர் என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

ஸ்டோர் ரூமில் சாய டின்களுக்கு நடுவே ஒரு சின்னப் பெண். வலது கை விரல்கள் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தன. தூக்கப் போனோம். "தொடாதீங்க" என்றாள். அவளே எழுந்து நடந்தாள்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. ஜி.எச். பினாயில் வாடை. எனக்கு உதட்டில் தையல். மகேஸ்வரிக்கு வலது கையில் மாவுக்கட்டு, விலாவில் விரிசல். சத்தியமங்கலத்திலிருந்து அவள் அம்மா பஸ் ஏறிவிட்டார்.

வீடியோவை யாருக்கு அனுப்பினாள் என்று பார்க்க போனைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். விரல் வைத்தால் திறக்கும் போன். மாட்டேன் என்றிருக்கிறாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, ஒடித்து, அழுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

"தொறக்கலீங்க," என்றாள். "நான் பதிஞ்சு வெச்சிருந்தது எடது கை."

மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஒண்ணுதான் புரியலீங்க. அனுப்புன ஒடனே எல்லாத்தையும் அழிச்சுப்போட்டேன். எப்படிங்க கண்டுபுடிச்சாங்க?"

சொன்னேன். கட்டளை, சிரிப்புப் பொம்மை உட்பட.

மாவுக்கட்டுக் கையாலேயே என் வாயில் அடித்தாள். தையல் பிரிந்தது. அலறியது அவள்தான், வலியில். நர்ஸ் ஓடி வந்து என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனார். கதவை எட்டும் முன் மகேஸ்வரி கூப்பிட்டாள்.

"அதுல மத்த புள்ளைக பேரும் இருக்குதுங்களா? எங்கிட்டருந்து அந்த வீடியோவ வாங்குன புள்ளைக?"

இருக்கிறது. தேடத் தெரிந்தால் எல்லோரும் இருக்கிறார்கள்.

மேனேஜரும் சூப்பர்வைசரும் லாக்கப்பில். பட்டறை முதலாளியின் மகன் வெளியே. பட்டறை ஓடுகிறது. அந்தப் பெண்கள் இன்றும் அதே ஹாஸ்டலில். நூர் வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். லீவு சொன்னேன். காப்பி உதட்டில் பட்டு உயிர் போயிற்று.

அந்தப் பட்டறைக் கம்ப்யூட்டர் அப்டேட்டைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். அடுத்த பதிப்பில் சில வரிகள் போதும். நிறுவும்போதே பழைய பதிவு எல்லாம் அழியும். அங்கே மட்டும் அல்ல. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நான் பார்த்தேயிராத ஊர்கள், எல்லா இடத்திலும்.

எழுதினேன். கட்டினேன். ஏற்றும் கட்டளையையும் அடித்து வைத்தேன். என்டர் மட்டும் பாக்கி.

மேனேஜர் கழுத்தில் என் கை இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அழுத்த ஆசையாக இருந்தது. என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு அப்டேட் போடுகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கேட்காமல் அவர்கள் வீட்டுக்குள் கை விடுவதா? மானிட்டரைக் கீழே தள்ளினேன். திரை நொறுங்கியது. மிதித்தேன். காலில் கண்ணாடி ஏறியது. பதிப்பை ஏற்றவில்லை.

கோகுலை அழைத்தேன். "நீ போய் அழி."

"பாஸ்வேர்ட மாத்திப்போட்டாங்கக்கா. முதலாளி பையன் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்துட்டிருக்கான். நாளைக்கு ஈரோட்டுலருந்து ஒரு ஆளு வாரானாம், எல்லாப் பேரையும் எடுக்கறதுக்கு. நான் போனா என்ற கையையும் ஒடிச்சுப்போடுவாங்க."

"அந்தப் புள்ளைக கைய ஒடிச்சாப் பரவால்லையா?"

வைத்துவிட்டான். நானும் கத்தியிருக்கக் கூடாது. கத்தினேன்.

நவம்பர் 8, சனி

பழைய லேப்டாப்பிலிருந்து வேறொரு புதிய பதிப்பு ஏற்றினேன். இனி யார் போன் என்று தானாகக் குறிக்காது. வேண்டுகிறவர் கேட்டு வாங்க வேண்டும். ஏன் என்றும் வெளிப்படையாக எழுதினேன். அதற்குள் ஒருவன் 'முட்டாள்தனம்' என்று. இருக்கட்டும். பழைய பதிவை இது தொடாது, அதுதான் நெஞ்சில் குத்துகிறது.

மதியம் ஜி.எச். போனேன். மகேஸ்வரி என்னைப் போகச் சொல்லவில்லை. அவள் அம்மா ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், எனக்கும். நூர் வாக்குமூலத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

கோகுல் வந்தான். முதல் தடவை பார்க்கிறேன். சட்டையில் பாதி இல்லை. காது கிழிந்து கழுத்து வரை ரத்தம். இரண்டு கையும் முழங்கை வரை நீலம். கட்டில் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான்.

"அந்தக் கம்ப்யூட்டரப் பொட்டியோட புடுங்கித் தூக்கிட்டு ஓடுனேனுங்க. முதலாளி பையன் குறுக்க வந்தான். மூக்குல ஒண்ணு உட்டேன். அப்பறம் எல்லாருஞ் சேந்து என்னைய மிதிச்சானுக. அதுக்குள்ள சாயத் தொட்டியில போட்டு முக்கிப்போட்டேன். இனி ஆராலயும் எடுக்க முடியாதுங்க."

நூர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங் காதுல எதுவும் விழலை."

மகேஸ்வரி அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தொட்டி?"

"நீலமுங்க."

"செவப்புல போட்டிருக்கோணும்," என்றாள். "அதுதான் கொதிச்சுட்டிருக்கும்."