யானைக்கசத்துக்குப் போய்த் திரும்பிய அரிசி

பாளையங்கோட்டை,
1912 ஜூன் 3, திங்கட்கிழமை.

என் மகன் வேதநாயகத்துக்கு அம்மா எழுதுகிறது. ஆண்டவர் இன்று காலையிலும் எழுந்து உட்காரப் பெலன் கொடுத்தார். அந்த மட்டில் இங்கே நானும் உன் அக்காளும் அவள் மகள் லில்லியும் சுகம். அங்கே கடல் கடந்து தைப்பிங்கில் நீயும் சாலோமியும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகந்தானா என்று தெரிந்தால்தான் மனசு ஆறும். சின்னவனுக்குக் காலில் வந்த கட்டி உடைந்து ஆறிவிட்டதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன், அதற்கு நீ பதில் எழுதவில்லை, மறந்திருப்பாய். இங்கே மேல்காற்று தொடங்கிவிட்டது. வீடு முழுதும் புழுதி, கூட்டக் கூட்ட வருகிறது, இரண்டு நாளாய் நான் கூட்டுகிறதையே விட்டுவிட்டேன். எழுத்து கோணலாயிருந்தால் கண்தான் காரணம், கை அல்ல. லில்லி தான் எழுதித் தருகிறேன் என்றாள். ஐந்தாம் வகுப்பில் அழகாக எழுதினதற்குத் துரைசாணி கையால் பரிசு வாங்கினவள் நான், என் மகனுக்கு எழுத ஆள் வைக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் மார்ச் மாதக் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நாலு மாதம் லீவு கிடைக்கும், அடுத்த வருஷம் ஏப்ரல் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி நேரே யானைக்கசத்துக்குத்தான் வருவேன், சபையாரோடு மே மாதக் கூட்டத்தில் பத்து நாள் மலையில் இருந்துவிட்டுப் பிறகு வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளுக்கு அந்தக் கசத்து ஆழத் தண்ணீரில்தான் நீச்சல் பழக்க வேண்டும் என்றும், ஓலைக் குடிசையில் படுக்கவைக்க வேண்டும் என்றும், ஆபீசில் கண்ணை மூடினால் அந்த ஆறுதான் வருகிறது என்றும் இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி. இந்த வருஷம் நீங்கள் போய்ப் பார்த்து எழுதுங்கள், இடம் முன்போல் இல்லை என்றால் லீவை இன்னும் ஒரு வருஷம் தள்ளிக்கொள்கிறேன், தள்ளினால் ஆறு மாதமாகக் கொடுப்பார்கள் என்று. உன் அப்பா போன பிறகு ஆறு வருஷமாக அந்தப் பக்கம் காலெடுத்து வைக்காதவள் அந்த ஒரு வரிக்காகப் புறப்பட்டேன். போய்விட்டு வந்து இன்றோடு இரண்டு வாரம் ஆகிறது. முந்தாநாள், எல்லாம் நீ பார்த்தபடியே இருக்கிறது, வா, என்று ஒரு வரி எழுதினேன். எழுதின காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். பிள்ளைக்குப் பொய் எழுதவா எழுத்துப் படித்தேன். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீ பொறுமையாய்க் கடைசி வரை வாசிக்க வேண்டும்.

முன்னே நாம் வண்டி கட்டி இரண்டு நாள் போவோமே, இப்போது அது இல்லை. திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் காலையில் ரயில் ஏறினால் பதினொரு மணிக்குள் அம்பாசமுத்திரம். கேட்கச் சுகமாயிருக்கிறது. என் இடுப்புக்கு வண்டியே தேவலை. லில்லியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன். கூட்டத்துக்குக் கொண்டுபோகிற அரிசி மூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டேன், பத்துப் படி அரிசி. ஸ்டேஷனில் நம் பழைய வண்டிக்கார மந்திரமூர்த்தி நின்றான். அவனுக்கும் தலை நரைத்துப் போயிற்று. என்னைக் கண்டதும், வாங்க ஆச்சி, தம்பி இன்னும் கடலுக்கு அந்தப் பக்கந்தான் இருக்காவளா, கசத்துப் பாறையில இருந்து தலைகீழாக் குதிச்சு என்னைப் பதற வச்ச ஆளுல்லா அவுக, என்றான். அடுத்த வருஷம் வருகிறான் என்று சொன்னேன். அப்போ நம்ம வண்டிதான், வேற எவன் வண்டிலயும் ஏறக்கூடாதுன்னு எழுதுங்க, என்றான். எழுதிவிட்டேன். மலையடிவாரத்தில் மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, மேல போய் மனசு சங்கடப்படாதிய ஆச்சி, என்று மட்டும் சொன்னான். நான் வெயிலைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்து ஏறி முடிக்கும்போது சாயங்காலமாகிவிட்டது. அந்தப் பெரிய மருதமரம் நிற்கிறது. அதைத் தவிர நான் ஒன்றையும் அடையாளம் காணவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் வந்த வெள்ளம் மலையிலிருந்து மணலையும் கல்லையும் கொண்டுவந்து கசத்தை மூடிவிட்டது, போய் வந்தவர்கள் ஒருவரும் இதை என் காதில் போடவில்லை. யானை இறங்கினால் முதுகு தெரியாது என்று உன் அப்பா சொல்லுவாரே, அந்த இடத்தில் லில்லி பாவாடையை ஒரு சாண் தூக்கிக்கொண்டு அக்கரைக்கு நடந்தாள். நீ குதித்த பாறை மணலுக்குள் புதைந்து முக்காலி உயரத்துக்கு நிற்கிறது, அதன்மேல் யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள். ஓலைக் குடிசை ஒன்றுகூடக் கிடையாது. நீளமாய் ஒரு தகரக் கொட்டகை, நடுவில் தட்டி, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். மே மாத வெயிலில் தகரம், நீயே யோசித்துக்கொள். அந்தந்த வீட்டாள் அந்தந்த வீட்டோடு இருக்கிற வழக்கம் போய்விட்டது. குளிக்க மணி, ஜெபத்துக்கு மணி, சாப்பிட மணி. கமிட்டி என்று ஒன்று ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதற்குச் செயலாளர் யார் என்றால் உன்னோடு படித்த பாக்கியசீலன். இப்போது அவன் வாத்தியார், வயிறும் வைத்திருக்கிறது.

இனிமேல்தான் நான் எழுத வெட்கப்படுகிற காரியம். முதல் நாள் சாயங்காலம் அரிசி கொட்டுகிற வழக்கத்தை நீ கவனித்திருக்கமாட்டாய், உன் கண் தண்ணீரில்தான் இருக்கும், ஆகையால் சொல்லுகிறேன். மருதமரத்தடியில் பாய் விரித்து, வந்திருக்கிற பெண்களில் மூத்தவள் ஒரு ஜெபம் சொல்லித் தன் வீட்டு அரிசியை முதலில் கொட்டுவாள். அவள் கொட்டின பிறகுதான் மற்ற வீட்டார் கொட்டலாம். பாளையங்கோட்டைக்காரர் வெள்ளை அரிசி, அம்பைக்காரர் சிவப்புச் சம்பா, சாத்தான்குளத்திலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் அரிசியும் ஒரு ஓலைக் கொட்டான் கருப்பட்டியும். எல்லாம் ஒரே குவியல். அதை அள்ளி ஒரே பானையில் வேகவைத்தால் சோறு சிவப்பும் வெள்ளையுமாய் இருக்கும், யார் அரிசி யார் இலையில் விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. முப்பது வருஷமாய்ச் சாரம்மாள் அக்காதான் முதல் அரிசி போட்டாள். அவள் போன தையில் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தாள். அடுத்த மூத்தவள் நான். ஒருவரும் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்த நினைப்பில்தான் இடுப்பு வலியோடும் ரயில் ஏறினேன், உன் வரி பாதி, இது பாதி, மறைப்பானேன்.

நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் நான் கொண்டுபோன பாயை விரித்தேன். கொட்டகை வாசலில் ஜனங்கள் நின்று பார்த்தார்கள், நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கண்ணை மூடி ஜெபம் சொன்னேன். கடல் கடந்திருக்கிற என் பிள்ளை குடும்பத்தையும் சேர்த்துச் சொன்னேன். பத்துப் படியையும் கொட்டினேன். ஒதுங்கி நின்று அடுத்த வீட்டாருக்காகக் காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. ஒருத்தர் கையிலும் அரிசி இல்லை. ஒரு குமரி களுக்கென்று சிரித்தாள், அவள் தாய் அவள் கையைக் கிள்ளினாள். அப்புறம் பாக்கியசீலன் ஓடி வந்து, பெரியம்மா, இதெல்லாம் இப்பக் கிடையாதுல்லா, சமையலுக்கு ஆள் வச்சிருக்கோம், வீட்டுக்கு இத்தனை சாப்பாட்டுச் சீட்டுன்னு குடுத்திருக்கு, காகிதத்துல அச்சடிச்சி வீடு வீடா அனுப்பினோமே, நீங்க வாசிக்கலியா, என்றான். காகிதம் வந்தது உண்மை. நான் தேதியை மட்டும் பார்த்துவிட்டு வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். முப்பது வருஷம் போய்வந்த இடத்துக்கு எனக்கு ஒருவன் அச்சடித்துச் சொல்லித்தர வேண்டுமோ என்ற எண்ணம். இத்தனைக்கும் அந்தக் கூட்டத்தில் தானாக வேதம் வாசிக்கத் தெரிந்த கிழவி நான் ஒருத்திதான்.

அந்த நேரம் காற்று வேறு. பாய் ஓரம் மடங்கி அரிசி மணலில் சரிந்தது. நான் உட்கார்ந்து அள்ளத் தொடங்கினேன். விறகு கொண்டுவருகிற இசக்கித்தாய் என்ற பெண்பிள்ளை, கட்டை இறக்கிப் போட்டுவிட்டுப் பார்த்தாள். ஏம்மா, மணலுக்கா விருந்து வைக்கிய, நல்ல அரிசியால்லா இருக்கு, என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. ஆனால் சிரித்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள், கேலி பேசின அவள்தான் முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மந்திரமூர்த்தியும் வந்து, நீங்க பைய எந்திரிங்க ஆச்சி, நாங்க அள்ளுதோம், என்றான். கசத்தை மூடின மணலும் என் அரிசியும் ஒரே நிறம். இருட்டுகிற நேரத்தில் எது எது என்று தெரியவில்லை, சேர்த்தே அள்ளினோம். மறுநாள் இசக்கித்தாய் ஒரு சுளவு கொண்டுவந்து புடைத்தாள். அதில் இரண்டு படியை ஆற்றோரம் மூன்று கல் வைத்துப் பொங்கினோம். நானும் லில்லியும் அவளும் மந்திரமூர்த்தியுமாகச் சாப்பிட்டோம். மணி அடித்தது, நான் கொட்டகைக்குப் போகவில்லை.

அன்று சாயங்காலம் பாக்கியசீலன் வந்து என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். கோபமா பெரியம்மா, என்றான். பிறகு சொன்னான், போன வருஷம் குவியல் சோறு தின்று நாற்பது பேருக்கு வாந்திபேதி, யார் வீட்டு அரிசி புழு அரிசி என்று ஒருத்தரை ஒருத்தர் கைநீட்டிச் சண்டை, அதற்குப் பிறகு, நம்ம ஜனங்க ஒருத்தர் அரிசியை ஒருத்தர் சாப்பிட மாட்டேங்காவ, நான் என்ன செய்யட்டும், என்றான். அவனுக்கும் பழைய வழக்கம் வேண்டும் போலத்தான் இருக்கிறது. உன்னைக் கேட்டான். வேதநாயகம் வந்து இந்தக் கசத்தைப் பார்த்தா அழுதுருவான், வரவேண்டாம்னு எழுதிருங்க, என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. கோபப்படவும் பெலன் வேண்டியிருக்கிறது. பத்து நாளுக்கென்று போனவள் நாலாம் நாள் இறங்கிவிட்டேன். தகரத்துக்கடியில் லில்லிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

இதுதான் மகனே நீ கேட்டதற்குப் பதில். இடம் முன்போல் இல்லை. உன் பிள்ளைகள் நீச்சல் பழக அங்கே தண்ணீர் இல்லை, படுக்கக் குடிசை இல்லை. இதைப் படித்தவுடன் லீவை ஒரு வருஷம் தள்ளிக்கொள்ள உனக்குத் தோன்றும். ஆறு மாதமாய்க் கிடைக்கும் என்று கணக்குச் சொல்லுவாய். எனக்கு அறுபத்தெட்டு முடிகிறது. அந்த ஆறு மாதத்துக்கு நான் இருப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுக்க என்னால் ஆகாது. உன் அப்பாவும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொன்னவர்தான். நான் ஒரு நாளும் உன்னை வா என்று கேட்டு எழுதினதில்லை, உனக்குத் தெரியும். பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கு, பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான், நினைத்தபோது வர அது என்ன சாத்தான்குளமா என்று நானே பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது கேட்கிறேன். யானைக்கசத்தை விட்டுவிடு. ஏப்ரலில் கப்பலை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வா. பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க நம் குறுக்குத்துறை ஆறு போதும், நீ குதித்த உயரம் இல்லாவிட்டாலும் கழுத்தளவு தண்ணீர் இருக்கிறது. சாலோமிக்கு நான் ஒரு குறையும் வைக்கமாட்டேன்.

புறப்படுமுன் பெரியவளுக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்துக்கொள், கப்பல் காற்று ஆகாது. சின்னவன் காலைப் பற்றி மறக்காமல் எழுது. இரவு வெகுநேரம் விளக்கில் கணக்கு எழுதாதே, என் கண் உனக்கு வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை, போகிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். உங்களைக் காக்கிறவர் உறங்காமல் காப்பார், உன் போக்கையும் வரத்தையும் அவர் கையில் வைத்து நான் தினம் முழங்கால் போடுகிறேன்.

மற்றொன்று. அந்தப் பத்துப் படியில் நாலு படி உன் வீட்டுப் பங்கு. நீ கப்பல் ஏறின வருஷம் முதல் உனக்கும், பிறகு சாலோமிக்கும், பிறகு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு படி அளந்து, நான் போகாத வருஷங்களிலும் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பிக் குவியலில் சேர்த்தேன். இந்த வருஷந்தான் உங்கள் பங்கு திரும்பி வீட்டுக்கு வந்திருக்கிறது. வெயிலில் உலர்த்தி, வேப்பிலை போட்டுப் பானையில் கட்டி வைத்திருக்கிறேன், ஏப்ரலுக்குள் நன்றாய்ப் பழைய அரிசியாகிவிடும். அதை வேறு யாருக்கும் பொங்கமாட்டேன். இசக்கித்தாயும் புடைத்தாள், நானும் மூன்று தரம் அரித்துப் பார்த்தேன், யானைக்கசத்து மணல் முழுதும் போகவில்லை. சாப்பிடும்போது பல்லில் கடிபடும் என்று சாலோமியிடம் முன்னாலேயே சொல்லி வை.

உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா,
ஜெபகனி.