எத்தனை நாளாக இருமல்

அப்பா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். ஒன்பது மணிக்கு எனக்கு நெஞ்சுநோய்ப் பரீட்சை.

"டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு வீட்லயே இருந்தும் உங்கம்மா போய்ட்டாளே" என்று நேற்று சொன்னீர்கள். நான் கதவை அறைந்து சாத்தியது தப்புத்தான். நீங்கள் சொன்னது தப்பில்லை.

வார்டில் நோயாளிகளிடம் கேட்ட கேள்விகளை அன்றைக்கே வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். அதனால் தினமும் அம்மாவை நாற்காலியில் நோயாளியாக உட்காரவைப்பேன். அவளும் இருமிக் காட்டுவாள். ஒருநாள் நான் புத்தகத்தை மூடிய பிறகும் இருமினாள். "போதும்மா, நடிப்பு முடிஞ்சுது" என்றேன். சிரித்துக்கொண்டே வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்று காலை அம்மாவை நோட்டில் நோயாளியாக எழுதிப் பார்த்தேன். பெயர், வயது எழுதியாகிவிட்டது. அடுத்த கேள்வி, எத்தனை நாளாக இருமல். இருமலோடு வருகிற நோயாளியிடம் நாங்கள் முதலில் கேட்பதே அதுதான். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

சாவி செருப்பு அலமாரியில்.

பிரஷர் மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. நோட்டு மேசைமேல் திறந்தே கிடக்கிறது. எத்தனை நாள் என்று தெரிந்தால் எழுதி வையுங்கள். உங்களுக்கும் தெரியாதென்றால் அப்படியே விட்டுவிடுங்கள் அப்பா, நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.