ஃபேஸ் பிரிச்சது அவங்கதான்

இன்று காலை படப்பைப் பக்கம் புதிதாகக் கட்டிவரும் சர்வர் கூடத்தில் மின் பேனலின் கதவைத் திறந்தேன். புதுப் பெயிண்டும் புதுக் கேபிளும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. கூடவே எலக்ட்ரீஷியன் கேட்டார்: "மேடம், இந்த வரிசை சர்வர் ரேக் எல்லாத்தையும் R ஃபேஸ்லயே குடுத்துரலாமா? கிட்டக்க கீது."

"கூடவே கூடாது" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவர் மிரண்டுபோய்ப் பார்த்தார். அவர்மேல் எனக்கு என்ன கோபம்? உன்மேல்தான். நீ இறந்த பிறகும் அது போகவில்லை.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரும்புலியூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, மேற்குத் தாம்பரத்தில் என்னை ஏற்றிக்கொள்வாய். முடிச்சூர் ரோடு நெரிசலில் லோடு கணக்குப் பேசிக்கொண்டே போவோம். "மூணு ஃபேஸும் மூணு பிள்ளைங்க மாதிரிடி. ஒருத்தன் தலையிலயே எல்லாத்தையும் கட்டினா, ஒரு நாள் படுத்துடுவான்" என்பாய். இவ்வளவு தெரிந்தவள்தான் அதைச் செய்தாய்.

நமக்குக் கிடைத்த முதல் பெரிய கூடம் அது. ரேக்குகளை R, Y, B என்று மூன்று ஃபேஸிலும் மாற்றி மாற்றி வைத்து நான் பிளான் போட்டிருந்தேன். சைட் பொறுப்பு உன்னுடையது. திடீரென்று திறப்பு விழாவை முன்னால் இழுத்துவிட்டார்கள். மற்ற இரண்டு ஃபேஸுக்கும் கேபிள் வந்து சேரவில்லை. ஒரு வரிசை முழுவதையும் R-இல் ஏற்றச் சொல்லிவிட்டாய்.

நான் பார்த்துவிட்டுப் பதறினேன். "ஒவ்வொரு ரேக்குக்கும் ரெண்டு பக்கத்துலேர்ந்து கரண்ட் வர்றதால இப்பத் தெரியாதுடி. சர்வீஸுக்குன்னு ஒரு பக்கத்தை நிறுத்தினா, மொத்த லோடும் இந்தப் பக்கம் வரும். R தாங்காது."

"விழா முடியட்டும். கேபிள் வந்ததும் நானே மாத்திடறேன். என்னை நம்ப மாட்டியா?"

நம்பினேன்.

கேபிள் வந்தது. நீ மாற்றவில்லை. முதல் சர்வீஸ் நாளில் ஒரு பக்கத்தை நிறுத்தினார்கள். மறுபக்கத்தில் R ஃபேஸ் பிரேக்கர் விழுந்தது. காதைப் பிளந்துகொண்டிருந்த சர்வர் ஃபேன்களின் இரைச்சல் அந்த வரிசையில் மட்டும் மெல்ல இறங்கி, சுத்தமாக நின்றது.

மறுநாள் மீட்டிங். "ஃபேஸ் பிளானிங் யார் பண்ணது?" என்று வாடிக்கையாளர் தரப்பு மேனேஜர் கேட்டார். நீ எதிரிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தபடி சொன்னாய்: "ஃபேஸ் பிரிச்சது அவங்கதான் சார்."

அதுவரை என்னை நீ 'அவங்க' என்று சொன்னதே இல்லை. சொன்னது பொய்யும் இல்லை, பிளான் என்னுடையதுதானே. அதை மாற்றியது யார் என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடுவாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு வேறெங்கோ போய்விட்டது. பிறகு நம் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "இப்ப வந்து ஃப்ரெண்டு மேல பழி போடறீங்களே" என்றார்.

படிக்கட்டில் என் கையைப் பிடித்தாய். "எனக்கு இந்த வேலை போனா வீட்ல வேற வருமானம் இல்லடி. உனக்கு உன் வீட்டுக்காரராவது சம்பாதிக்கிறார்." நான் கையை உதறிவிட்டு இறங்கினேன். அந்த மாதமே அந்த வேலையை விட்டேன். நாம் பேசியது அதோடு சரி.

உன் சாவுக்கு வந்திருந்தேன். உன் வீட்டுக்காரர் எல்லோரிடமும் "இவளோட உயிர்த்தோழி" என்று என்னைக் காட்டினார். "உங்க குழந்தையப் பார்த்துக்கணும்னு வேலைய விட்டுட்டீங்களாமே, சொல்லிச் சொல்லி வருத்தப்படுவா" என்றார். அங்கேயும் நீ உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த உன்னிடம் என்ன கேட்பது?

உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா ஆபீஸ்ல எப்படி ஆண்ட்டி?"

"அவ மாதிரி வேலை தெரிஞ்சவங்களை நான் பார்த்ததில்லம்மா."

அது உண்மை. அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தாள். 'நல்லவ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

இப்போதும் அவள் அவ்வப்போது போன் செய்து, அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கிறாள். சிரிப்பு வருகிற கதைகளாகத் தேடிச் சொல்கிறேன். அந்த மீட்டிங்கைப் பற்றி இதுவரை மூச்சுவிடவில்லை. இனியும் விடமாட்டேன். அது அந்தப் பிள்ளைக்காக. உனக்காக இல்லை.