ஏறிப்போன கவுன்

பிப்ரவரி 6
பிறந்தநாளுக்கு நானே தைத்த கவுன் அதற்குள் வாலுவுக்கு முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. நாலு வயதுதான். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைப்பவள் பெற்ற பெண்ணுக்குத் தப்பாக வெட்டிவிட்டேனாம், நாத்தனார் கிண்டல். உங்கள் அண்ணன் உயரம் வருகிறது என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன்.

அவரும் சிரித்தார். ஹார்மோன் குறைவுக்கு மருந்து ஆரம்பித்ததிலிருந்துதான் மனிதர் சிரிக்கிறார். போன வருடம் வேலைக்கும் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவர். இப்போது குளித்ததும் தோளில் ஜெல்லைத் தடவி, கையைக் கழுவிக்கொண்டு, பனியனோடு மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றுகிறார்.

பிப்ரவரி 19
வாலுவின் நெற்றியில் பரு. உதட்டுக்கு மேலே முடி கருத்திருக்கிறது. வியர்வையில் பெரியவர்கள் வாடை. குரல்கூடக் கட்டை. நாலு வயசுக்கு எதுக்குப் பரு?

பிப்ரவரி 20
தூக்கம் இல்லை.

மார்ச் 2
ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம். ஆண் ஹார்மோன் என்றாலும் பெண்களுக்கும் கொஞ்சம் உண்டாம். இவளுக்கு இருப்பது மீசை முளைக்கிற பையனின் அளவு. மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஆறு வயது! இப்படியே போனால் மளமளவென்று வளர்ந்து, சீக்கிரமே வளர்ச்சி நின்றுவிடுமாம். சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கட்டி. எழுதவே கை வரவில்லை. என் குழந்தைக்கு எதுக்கு இதெல்லாம்? நான் என்ன செஞ்சேன்?

மார்ச் 9
ஸ்கேனில் ஒன்றுமில்லை. மூச்சு விடுவதற்குள் டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுல யாராவது ஹார்மோன் மருந்து தடவிக்கிறீங்களா?"

அவர் கை மெல்லத் தோளுக்குப் போனது. மடியில் இருந்தவளை என்னிடம் கொடுத்துவிட்டு, எழுந்து தள்ளிப் போய் நின்றார்.

அந்த டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைக் கொடுத்தபோது கை கழுவச் சொன்னார்கள், கழுவினார். தோளை மூடச் சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். யாருக்கு நினைவிருக்கிறது? அந்தத் தோளில்தானே தினமும் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள் –

மார்ச் 10
ஜெல்லைக் குப்பையில் போட்டுவிட்டார்.

மார்ச் 28
மருந்தை நிறுத்தாதீர்கள், ஊசியாக மாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார். கேட்டால்தானே? மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வேலைக்கும் போவதில்லை. இந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை. வாலு கிட்டே போனால் நகர்ந்துகொள்கிறார். அப்பாவுக்கு நான் வேண்டாமா என்று என்னிடம் வந்து கேட்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மருந்துதான் அவகிட்ட போகக் கூடாது. அப்பாவும் போகக் கூடாதா? எந்திரிங்க" என்றேன். எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கியது.

ஏப்ரல் 4
ஊசி போட்டுக்கொண்டார். தானாகவே போனார்.

மே 17
வேலைக்குப் போகிறார். சாப்பிடுகிறார். ஊசி மருந்து தோல் வழியாக ஒட்டாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறார்.

ஆகஸ்ட் 14
வாலுவின் ரத்தத்தில் ஹார்மோன் இறங்கி, அவள் வயதுக்கு உரிய அளவில் நிற்கிறது. எலும்பு ஓடின ஓட்டம் திரும்பாதாம். இனி நிதானமாகப் போகும் என்றார்கள்.

ஏப்ரலில் கீழே நிறைய மடிப்பு விட்டு ஒரு கவுன் தைத்திருந்தேன். இன்று அதைப் போட்டுவிட்டு, மடிப்பைப் பிரிப்பதற்குக் கத்தரியோடு உட்கார்ந்தேன். பிரிக்க வேண்டியிருக்கவில்லை. தைத்த அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பனியனோடு அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.