மீட்டர்மேல் தப்பில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், சுகமில்லை என்று எழுதினால் விமான டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுவாய். ஆகவே சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தையல் மிஷின் ஓடுகிறது என்று மட்டும் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, சீருடைத் துணி கூடம் முழுக்கக் குவிந்து கிடக்கிறது, உட்கார இடமில்லை. உன் அத்தை ஞாயிறுதோறும் வருகிறாள். வந்ததும் அண்ணனை நினைத்து ஒரு பாட்டம் அழுகிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு முழங்கால் வலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறாள். அவள் போனபிறகு வீடு இன்னும் பெரிதாகிவிடுகிறது.

அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது. நீ காரியம் முடிந்து வெளிநாட்டுக்குத் திரும்பிய அன்று டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, "அஞ்சு கிலோமீட்டர் போன மனுஷனுக்கு அந்த மீட்டர் ரெண்டுன்னு காட்டுது. விலை மலிவுன்னு ஒரு குப்பையைக் கட்டிவிட்டு அப்பாவை அனுப்பிட்டியேம்மா" என்று. அன்றிலிருந்து நீ போனில் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிடுகிறாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டது அம்மாடி, அதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நினைவிருக்கும், அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம் டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார், ஒரு நாளைக்கு நாலு கிலோமீட்டர், சமதரையில் மட்டும், மேடு ஏறவே கூடாது என்றார். நாலு என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. நீ கையில் கட்டும் கடிகாரம் ஒன்றைச் சொன்னாய், தூரம் காட்டும், நாடித்துடிப்பு காட்டும், அவர் எங்கே போகிறார் என்று அங்கே இருந்தே நீயும் பார்க்கலாம் என்றாய். விலையைக் கேட்டு நான் வேண்டாம் என்றேன், அந்தக் காசுக்கு இன்னொரு சைக்கிளே வாங்கிவிடலாம், உனக்கும் வாடகை, குழந்தை என்று ஆயிரம் இருக்கிறது. உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, "முப்பது வருஷம் கரன்ட் கம்பத்துல ஏறி இறங்கினவன் நான், எனக்கு எதுக்கு மீட்டர், கம்பத்துக்குக் கம்பம் அம்பது மீட்டர், எண்பது கம்பம் எண்ணினா முடிஞ்சுது" என்றார். முதல் நாள் முப்பதாவது கம்பத்தில் பழைய லைன்மேன் ஒருவரைப் பார்த்துப் பேசி எண்ணிக்கையை விட்டுவிட்டு, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாராம், விட்டுப்போன கம்பமெல்லாம் இலவசம் என்று எனக்கே கணக்குச் சொன்னார். நான் ஊர் வரைபடத்தில் நூலை வைத்து அளந்து பார்த்தேன், வளைவுகளில் நூல் நழுவி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வந்தது. தூரம் காட்டுகிற ஆப் ஒன்றைப் போனில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டு வாத்தியார் போட்டுக் கொடுத்தார், ஆனால் உன் அப்பாவின் போன் தெருமுனை தாண்டுவதற்குள் செத்துவிடும், தாண்டினாலும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர் அவர். கடைசியில் சைக்கிள் கடைக்காரர்தான் அந்தச் சின்ன மீட்டரைக் காட்டினார். சக்கரக் கம்பியில் ஒரு காந்தம், பக்கத்துத் தண்டில் ஒரு சென்சார், காந்தம் அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சுற்று, அவ்வளவுதான். சக்கரத்தின் சுற்றளவை நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். நான் டயரில் தையல் சாக்கட்டியால் கோடு போட்டு, கூடத்தில் ஒரு சுற்று உருட்டி, டேப் வைத்து அளந்தேன், இருநூற்று ஏழு சென்டிமீட்டர். எண்பது கம்பம் ஓட்டிப் பார்த்ததில் சரியாக நாலு காட்டியது. கடைசிக் கம்பத்துக்கு உன் அப்பா ஒரு சல்யூட் வைத்தார்.

நீ போன பிறகு சைக்கிளை அதே கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் குனிந்து சென்சாரை விரலால் அசைத்துப் பார்த்தார். பிறகு, "மீட்டர் நல்லாத்தான் இருக்கும்மா, சென்சாரை யாரோ திருப்பி விட்டிருக்காங்க, தினமும் திருப்பித் திருப்பி இந்த இடமே தேஞ்சு கிடக்கு பாருங்க" என்றார். உன் அப்பாதான். இரண்டு கிலோமீட்டர் போனதும் தண்ணீர்த் தொட்டி அருகில் இறங்கிச் சென்சாரை விரலால் ஒதுக்கிவிடுவார், அதன்பிறகு சுற்று ஏறாது. இஷ்டப்பட்ட தூரம் போய்விட்டுத் திரும்பி, அதே இடத்தில் நேராக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார், நாலு காட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவருக்குப் புதிதா என்ன. அன்றைக்குத்தான் நேராக்கத் திரும்பி வரவில்லை. ஏரிப் பாலத்து மேட்டில் விழுந்து கிடந்தவரைப் பால் வண்டிக்காரர் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு அப்பாமேல் கோபப்படாதே, இன்னும் இருக்கிறது. கடைக்காரர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதே. நாலு கிலோமீட்டருக்கு அவர் வேகத்தில் அரை மணி நேரம், அவர் வருவதோ ஒன்றே கால் மணி நேரம் கழித்து, சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். கேட்டால் நண்பரோடு உட்கார்ந்திருந்தேன் என்பார். சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் சீருடை மூட்டையோடு பஸ்ஸில் போகும்போது ஏரிச் சாலையில் அவரைப் பார்த்தேன். மேட்டில் ஏறி முடித்து இறக்கத்தில் வருகிறார், காலைப் பெடலிலிருந்து எடுத்து நீட்டிக்கொண்டு, வாய்விட்டு என்னவோ பாடிக்கொண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் எப்படி இருந்தார் என்று நீ போனில் பார்த்ததுதான், நான் கூடவே இருந்து பார்த்தேன். உப்பை அளந்தேன், தண்ணீரை அளந்தேன், மாடிப்படி வேண்டாம் என்றேன், பேச்சைக் கூடக் குறைக்கச் சொன்னேன். நாற்காலியில் துவைத்துப் போட்ட துணி மாதிரிக் கிடந்தார். அந்த மனிதரையா பார்க்கிறேன் என்று இருந்தது. அவர் கண்ணில் படாமல் ஜன்னலை விட்டு உள்ளே நகர்ந்துகொண்டேன். சாயங்காலம் மீட்டரைக் காட்டி, "பாரு, நாலு, ஒரு மீட்டர் கூட இருந்தா என்னைக் கேளு" என்றார். நல்லதுங்க என்றேன்.

இப்போது எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன். பஸ்ஸிலிருந்து அவரைப் பார்த்ததற்கு நாலாம் நாள் நீ போன் செய்தாய். சம்பளம் கூடியிருக்கிறது, இனி நீ மறுக்கக்கூடாது, அந்தக் கடிகாரத்தை வாங்கி அனுப்புகிறேன் என்றாய். எதற்கு வீண் செலவு, மீட்டர் நன்றாகத்தான் காட்டுகிறது என்று நான் சொன்னேன். முதல் தடவை வேண்டாம் என்றது காசுக்காக. இரண்டாம் தடவை காசுக்காக இல்லை. அது வந்தால் உனக்குத் தெரிந்துவிடும், நீ தடுத்துவிடுவாய், அவர் பழையபடி நாற்காலியில் போய் விழுந்துவிடுவார், அதற்காகச் சொன்னேன். அவர் என்னை ஏமாற்றினார், நான் உன்னை ஏமாற்றினேன். மேடு ஏறாமல் இருந்திருந்தால் இருந்திருப்பாரா என்று டாக்டரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன், சொல்லமுடியாதம்மா என்கிறார். செய்தது சரியா தப்பா என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர் இல்லாமல் என்னால் முடியவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசி. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும். குழந்தையின் தோள் அளவும் உயரமும் எழுதி அனுப்ப மறக்காதே, கவுனுக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீ எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். நீ கூப்பிடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கூப்பிடுவேன், நீ எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் கூப்பிடுவேன்.

என்றைக்கும் உன்
அம்மா