மாத்திரையோடு ஒரு கோப்பை டீ

மார்ச் 3, திங்கள்

மருமகள் மாசமாக இருக்கிறாள். நாலாவது மாதம் தொடங்கிவிட்டதாம். காலையில் மகன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், கரண்ட் பில் கட்டியாயிற்று என்று சொல்வதுபோல. அவளுடைய அக்காவுக்கு எப்போதோ தெரியும். மருமகள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளிக்கும் தெரியும். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற எனக்குத்தான் கடைசி.

மூன்று மாதம் தாண்டட்டும் என்று இருந்தார்களாம். அக்காவுக்கு மட்டும் முன்னாடியே தாண்டிடுச்சா? கேட்கவில்லை. ரொம்பச் சந்தோஷம் என்றேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். மரியாதை அவ்வளவு சுலபத்தில் விட்டுப்போகாது.

மார்ச் 5, புதன்

ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறு புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விட்டுப் போயிருந்தாள். குழந்தையைப் பற்றிய பக்கங்களைப் படித்தேன். இப்போது எலுமிச்சம்பழ அளவு இருக்குமாம். விரல் நுனியில் ரேகை விழ ஆரம்பிக்கும். முகத்தைச் சுளிக்கக்கூடச் செய்யுமாம். சுளிக்கட்டும். இந்த வீட்டுக் குழந்தைதானே.

தாய் தன்னை எப்படிக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற பகுதியைப் படிக்காமலே புரட்டிவிட்டேன். ஒன்றைப் பெற்று ஆளாக்கியவளுக்கு அதைப் புத்தகம் சொல்லித் தரவேண்டுமா?

மார்ச் 8, சனி

இந்தப் பெண்ணுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளவே தெரியவில்லை. வாந்தி நின்று பசி திரும்பியிருக்கிறது. நல்லதாக நாலு வாய் சாப்பிடாமல், நின்றபடி பிஸ்கட்டைக் கொறிக்கிறாள். இரும்புச்சத்து மாத்திரையைக் கடை டிராயரில் வைத்துக்கொண்டு மத்தியானம் ஏதோ ஒரு நேரத்தில் போடுகிறாளாம். அதென்ன ஏதோ ஒரு நேரம்?

இனி அது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். காலைச் சாப்பாடு, மாத்திரை, டீ. என் கண் முன்னால்.

"ஜெயில் வார்டன் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கீங்களாம்மா?" என்றான் மகன். நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

மார்ச் 15, சனி

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "டீ ஆறுது" என்றேன். குடித்துவிட்டாள். நான் போடும் டீயில் தண்ணீர்த்தனம் இருக்காது. அவர் இருந்தவரை அதில்தான் கண் விழிப்பார்.

மேசையில் முதுகை வளைத்து உட்காருகிறாள். ஒருமுறை சொன்னேன். மறுமுறையும் சொன்னேன்.

மார்ச் 24, திங்கள்

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதாம். இந்த மாதங்களில் வருவதுதான், மிருதுவான பிரஷ் வாங்கு, பல் டாக்டரிடமும் ஒரு தடவை காட்டு என்றேன். அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்கினாள். அக்கா படித்தது டாக்டருக்கா? தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறாள்.

மார்ச் 31, திங்கள்

குழந்தைக்குக் காது கேட்க ஆரம்பிக்கும் சமயமாம். என் குரல் முதலில் போய் விழும்போது அது ஏதாவது நல்ல வார்த்தையாக இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன். அவளோ எண்ணெய்க் கரண்டியைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டு நிற்கிறாள். நான் என்ன செய்ய. சொல்லும்படி ஆகிவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

கடையில் மயங்கி விழுந்துவிட்டாள். ஃப்ரேமில் லென்ஸைப் பொருத்திவிட்டு எழுந்தவள், அப்படியே சரிந்தாளாம். முதலாளி தாங்கிப் பிடித்திருக்கிறார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி, நிற்காத ஒரு வேகம்.

ரத்தம் குறைந்திருக்கிறதாம். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று டாக்டர் கேட்டாள். என் மகனைவிடச் சின்னவளாக இருப்பாள். நான் முந்திக்கொண்டேன்: "ஒரு நாள் தவறினதில்லை. என் கையால குடுக்கறேன், டீயோட."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "டீயோடயா? அப்புறம் எப்படிம்மா சத்து உடம்புல சேரும்? ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விடணும்னு நர்ஸ் சொன்னாங்களே."

சொல்லித்தான் இருக்கிறார்கள். மருமகளிடம். கடையில் போட்டபோது எலுமிச்சை ஜூஸோடு போட்டிருக்கிறாள். என் பொறுப்புக்கு வந்த பிறகுதான் டீ.

ஏப்ரல் 3, வியாழன்

நான் என்ன விஷத்தையா குடுத்தேன்? டீதானே குடுத்தேன். எந்த மாமியார் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, இந்த முட்டியோட, அடுப்படியில நிக்கறா? தெரிஞ்சவ வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே. ஊமையா?

கேட்டேன். தெரிந்தும் ஏன் குடித்தாய் என்று அவளிடமே கேட்டேன். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"உங்ககிட்ட வேணாம்னு சொல்றதைவிட, குடிச்சிடறது சுலபம் அத்தை."

அக்கா வந்து அழைத்துப் போனாள். பிரசவம் வரை அங்கேதானாம். அதற்கப்புறம், குழந்தை எந்த வீட்டுக்கு வரும் என்று மகனிடம் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றான். என் வாழ்நாளில் அவன் பார்க்கலாம் என்று சொன்ன எதுவும் நடந்ததில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகனும் அங்கேயே தங்கிவிட்டான். தரையில் படுத்து முதுகு வலிக்கிறதாம். வலிக்கட்டும்.

ஏப்ரல் 12, சனி

புத்தகத்தை விட்டுப் போயிருக்கிறாள். புரட்டிவிட்ட பகுதியை இன்று படித்தேன். பக்கவாட்டில் படுக்கவும். சட்டென்று எழ வேண்டாம். நிறையத் தண்ணீர் குடிக்கவும், கொஞ்சம் நடக்கவும். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஒரு வரியைத் தவிர.

அவளுக்கு அந்த வரி தெரியும். தெரிந்துகொண்டே, ஒவ்வொரு காலையும், என் முகத்தைப் பார்த்தபடி. அவ்வளவு பயமா? நான் யாரையும் கை நீட்டி அடித்ததில்லையே. குரலைக்கூட உயர்த்தியதில்லை.

உயர்த்தத் தேவை இருந்ததில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

கூப்பிடாமல் அவள் அக்கா வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. அக்காதான் கதவைத் திறந்தாள். வாங்க என்ற சொல் வெளியே வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கூடம் முழுக்கக் கொடி கட்டித் துணி காய்கிறது. மருமகள் சோபாவில் ஒருக்களித்துச் சாய்ந்து, காலை நீட்டி, தட்டை அணைத்துவைத்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. முகத்தில் நிறம் திரும்பியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் பதறி எழப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். சோபாவில் சிந்தியிருந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நான் உக்காரலாமா?" என்றேன்.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா துணிகளைப் பார்த்தாள். பிறகு அவள் காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டாள். சோபா ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் வந்தது. ஒல்லியான ஆளுக்கு.

உட்கார்ந்தேன்.