மௌன நேரத்தில் தட்டியவன்

ஆண்டவருக்குள் பிரியமான என் சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது, அதை விடு. நீ அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நீ "ம், சொல்லும்மா" என்னும்போதே உனக்கு வேறு வேலை கிடப்பது தெரிந்துவிடும், நானும் பாதியை விழுங்கிவிடுவேன். இது விழுங்கக்கூடிய சங்கதி இல்லை.

போன வாரம் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஆபீசில் ஒரு மாதத்துக்கு முன்பே விளக்கு மாட்டிவிட்டார்கள், சீட்டுக் குலுக்கி யார் யாருக்குப் பரிசு என்று பிரித்துவிட்டார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி சிவப்புத் தொப்பி, இதற்குள் கிறிஸ்துமஸ் எங்கே போச்சு என்று தேட வேண்டியிருக்கிறது என்றாய். அதனால் அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நம் வீட்டு மௌன நேரத்தை அங்கேயே வைக்கப் போவதாகவும் சொன்னாய். அப்பாவிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அச்சகத்தில் மிஷின் பக்கத்திலேயே நின்று ஆயுசைக் கழித்தவர், பக்கத்தில் இருப்பவன் காதில் கத்தித்தான் தண்ணீர் கேட்க வேண்டும். அதனால்தான் நீ தவழும்போதே இந்த வழக்கத்தை ஆரம்பித்தார். பண்டிகைக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது ஒரே ஒரு மெழுகுவர்த்தி, ஆலய மணி அடிக்கும் வரை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. ஆண்டவர் சத்தமில்லாமல் வந்தார், அவருக்கு ஒரு மணி நேரமாவது காது கொடுக்க வேண்டாமா என்பார். நீயும் உன் அண்ணனும் மேஜைக்கு அடியில் ஒருத்தரை ஒருத்தர் கிள்ளிக்கொண்டு சிரிப்பை அடக்குவீர்கள்.

பெரியவன் அந்த மேஜைக்கு வராமல் போன கதையை நீ அரையும் குறையுமாகத்தான் கேட்டிருப்பாய், நீ கிளம்பிப் போன வருஷம் நடந்தது அது. கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் விளக்கு அலங்காரம் செய்கிறானே, அந்த வருஷம் நல்ல வேலை கிடைத்த சந்தோஷத்தில் மிச்சமிருந்த சரவிளக்கெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே இடுப்பை ஆட்டிப் பாட்டுப் பாடுகிற ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை. பொம்மை பாட ஆரம்பித்ததும் அப்பாவுக்கு வந்ததே கோபம். "இது வீடு, கடையில்ல. உன் வேலைய வாசல்ல வச்சிட்டு உள்ள வா" என்றார். அவன், "என் வேலைய வாசல்ல வச்சா நானும் வாசல்லதாம்பா நிக்கணும்" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் அவன் வரவும் இல்லை, இவர் கூப்பிடவும் இல்லை. இவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் நானும் நினைத்தேன், ஆனால் வருஷா வருஷம் மேஜையில் அவன் நாற்காலியையும் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்காருவேன்.

முந்தாநாள் சாயங்காலமும் வழக்கம்போல உட்கார்ந்தோம். தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு ஜன்னலோரம் மெழுகுவர்த்தி ஏற்றினேன். வெளிச்சம் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. எதிர்க் கட்டடத்துச் சுவர் ஊறப்போட்ட துணி மாதிரி சாம்பலாகத் தெரிந்தது. குழாயில் யார் வீட்டுத் தண்ணீரோ இறங்கியது, லிஃப்ட் எங்கோ நின்றது, பிறகு அதுவும் இல்லை. நாளெல்லாம் ஊரார் பண்டிகைத் துணிக்கு ஓரம் அடித்த அசதி, கண்ணை மூடியதும் துணி ஓடுகிறாற்போலவே ஒரு பாதை ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் மரியாள் வந்தாள், நிறைமாதம், பாவம் கால் வீங்கிப்போய் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறாள். யோசேப்பு முன்னால் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். நான் ஒரு வீட்டுக்குள் இருக்கிறேன், நம் வீடு மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. தட்டுகிறது கேட்கிறது. எழுந்து போய்த் திறக்கிறேன், வாம்மா என்று கையைப் பிடிக்கிறேன், வெந்நீர் வைக்கிறேன், என் நல்ல போர்வையை எடுத்து விரிக்கிறேன். மறுபடியும் தட்டுகிறார்கள், மறுபடியும் திறக்கிறேன். நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த வருஷம் ஆண்டவர் இவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டாரே என்று உருகிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். பாப்பா, நிஜமாகவே யாரோ தட்டிக்கொண்டிருந்தது நம் வீட்டுக் கதவை.

நான் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் மூடிய கண்ணோடு உதட்டில் விரலை வைத்தார். பண்டிகைக் காலம், பார்சல்காரராக இருக்கும், அப்புறம் வருவார் என்று நானும் இருந்துவிட்டேன். இன்னொரு தரம் மெதுவாகத் தட்டிவிட்டுக் காலடிச் சத்தம் படிக்கட்டுப் பக்கம் போனது. அதற்கப்புறம்தான் கேட்டது, இரும்புக் கைப்பிடியில் சாவியால் தட்டிக்கொண்டே இறங்குகிற சத்தம். பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து அப்படி இறங்குகிறவன் இந்த வீட்டில் ஒருத்தன்தானே. அச்சு மிஷினில் ஏதாவது சத்தம் மாறினால் அப்பாவின் முகம் எப்படி ஆகும், அப்படி ஆனது. மெழுகுவர்த்தியைக்கூடப் பார்க்கவில்லை, எழுந்த வேகத்தில் அது அணைந்தே போனது. வெறுங்காலோடு ஓடிப்போய்ப் படிக்கட்டில் குனிந்து, "டேய் பெரியவனே, நில்லுடா" என்று ஒரு சத்தம் போட்டார் பார். மௌன நேரத்தில் அந்த மனிதர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டு டீச்சர் தீப்பிடித்துவிட்டதோ என்று கரண்டியும் கையுமாக வெளியே வந்துவிட்டார்.

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அப்பாவும் பிள்ளையும் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றிருந்தார்கள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "பூட்டலடா. சும்மா சாத்திதான் இருந்துச்சு. தள்ள வேண்டியதுதானே" என்றார். அவன் சாவியையே பார்த்துக்கொண்டு, "தள்ளலாம்னுதாம்பா நின்னேன். கை வரல" என்றான். ஏன்டா இந்த நேரத்தில் வந்தாய் என்று பிறகு நான்தான் கேட்டேன். அந்த நேரத்தில் வந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டீர்கள், பேசாமல் உங்களோடு உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று வந்தானாம். அப்பா கால் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார், மிஷின் தின்னது போக மிச்சக் காது இதுக்குத்தான் இருந்திருக்கு போல என்று. பேச்சில் ஆலய மணியே எங்களுக்குக் கேட்கவில்லை. பிந்திப் போய்க் கடைசி வரிசையில் நெருக்கி உட்கார்ந்தோம், பாஸ்டர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார், பார்க்கட்டும்.

விளக்கு மாட்டினால் ஆண்டவர் ஓடிவிடுவாரா, மாட்டாவிட்டால்தான் வந்துவிடுவாரா, எனக்கு அவ்வளவு வேதம் தெரியாது. அவரை வரவேற்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு என் பிள்ளையை வெளியே நிற்க வைத்தேன், அது மட்டும் தெரிகிறது. சின்னவளே, நீ மௌன நேரத்தை விட்டுவிடாதே, அது நல்லது. ஆனால் தாழ்ப்பாள் போடாதே. பக்கத்து அறைப் பெண் யாரோடும் பேசாமல் காதில் எதையோ மாட்டிக்கொண்டே திரிகிறாள் என்றாயே, பண்டிகை முடிந்தால் என்ன, அவள் கதவை நீயாவது போய்த் தட்டு. திறக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதே, அவள் உள்ளே எந்த நினைவில் இருக்கிறாளோ.

பெரியவன் இன்னும் போகவில்லை. இதை எழுதும்போது ஜன்னலில் ஒரே ஒரு சரவிளக்கு மாட்டுகிறான், அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கோணல், இன்னும் கோணல் என்று உயிரை வாங்குகிறார். பொம்மையைப் பற்றி இரண்டு பேரும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் அறையில் சமாதானம் தங்கட்டும். வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, காதை மூடி மப்ளர் கட்டிக்கொள். மௌன நேரத்தில் நம் போனை எப்போதும் அணைத்து வைப்போமே, அதைப் பற்றி அப்பா ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "இனிமே அணைக்க மாட்டேன்னு எழுது. அவளுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கூப்பிடச் சொல்லு. நான் எடுப்பேன்."

ஜெபத்தோடும் முத்தத்தோடும்,
உன் அம்மா